யு.சி.எஃப். கால்பந்து அணி மேல்மட்டத்துக்கு வந்த வழி

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. நூறாண்டுப் பழமை கொண்ட அணிகளே கோலோச்சும் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தில், 1979-ஆம் ஆண்டு பிறந்த சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணி எப்படி மேல்மட்டத்துக்கு வந்தது? 2017-இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அந்த அணிக்குத் தேசிய சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் ஏன் இடம் தரப்படவில்லை? இன்று ஒரு பல்கலைக்கழகம் புதிதாக அணி தொடங்கினால் அதே உயரத்தை எட்ட முடியுமா? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அமெரிக்க வழக்கப்படி அந்த அணியை யு.சி.எஃப். என்றே குறிப்பிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யு.சி.எஃப். வெற்றிகள் இல்லாமல் உயர்ந்திருக்க முடியாது. ஆனால் அதை உயர்த்தியவற்றுள் முதன்மையானது எந்த வெற்றியும் இல்லை. 2007-இல் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே எழுப்பப்பட்ட அரங்கமும், அதை நிரப்பக்கூடிய அளவுக்குப் பெருகியிருந்த மாணவர் தொகையும்தான் அந்த அணியின் தலையெழுத்தை மாற்றின. தோற்காத பருவம் வந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து.

இது ஏன் என்று விளங்க, அந்த விளையாட்டின் அமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முதல் ஆட்டம் 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடந்ததாகக் கொள்கிறார்கள். இன்று என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கத்தின் கீழ் அணிகள் பல பிரிவுகளாக இருக்கின்றன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. இரண்டாம் பிரிவில் கால்பந்துக்கு 36 முழு உதவித்தொகைகளுக்கு ஈடான தொகை தரலாம். அண்மைக்காலம் வரை முதல் பிரிவின் கீழ்த்தட்டில் 63-க்கு ஈடான தொகையும், மேல்தட்டில் 85 பேருக்கு முழு உதவித்தொகையும் தர இடமிருந்தது. இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்களைப் போல, ஒரு பருவத்தில் முதலிடம் பெற்றால் அடுத்த பருவத்தில் மேல் அடுக்குக்குத் தானாக ஏறிவிடும் ஏற்பாடு இங்கே இல்லை. பணம் செலவிட்டு, விதிகளை நிறைவு செய்து, பல்கலைக்கழகமே முடிவெடுத்துத்தான் பிரிவு மாற வேண்டும். மேல் பிரிவுக்குப் போன பிறகும் கான்ஃபரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமக்குள் அட்டவணை போட்டு ஆடி, தொலைக்காட்சி உரிமத்தை மொத்தமாக விற்றுப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டமைப்பு அது. அதற்குள் நுழைய ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் அழைக்க வேண்டும். அவர்கள் ஒரு புதிய அணியை எடைபோடும்போது அது யாரை வென்றது என்பதோடு, எந்த ஊரின் தொலைக்காட்சிச் சந்தையை, எத்தனை பார்வையாளர்களை, எப்படிப்பட்ட வசதிகளைக் கொண்டுவருகிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

யு.சி.எஃப். பிறந்த கதை விண்வெளியோடு தொடர்புடையது. கென்னடி விண்வெளி மையத்துக்கு வேண்டிய பொறியாளர்களையும் தொழில்நுட்பர்களையும் உருவாக்கும் நோக்கத்தோடு 1963-இல் ஃபுளோரிடா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது நிறுவப்பட்டது. வகுப்புகள் 1968-இல் தொடங்கின. 1978-இல் தலைவராக வந்த டிரெவர் கோல்பர்ன் ஆஸ்திரேலியாவில் பிறந்த வரலாற்றுப் பேராசிரியர். அந்த ஆண்டு பெயர் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் என்று மாறியது; அடுத்த ஆண்டு கால்பந்து அணி தொடங்கியது. பொறியியல் பள்ளி என்ற குறுகிய அடையாளத்தை விட்டு முழுமையான பல்கலைக்கழகமாகத் தோன்ற வேண்டும் என்ற விருப்பம் இரண்டுக்கும் அடியில் இருந்தது.

முதல் பயிற்சியாளர் டான் ஜோனஸ் கனடாவின் தொழில்முறைக் கால்பந்தில் வின்னிப்பெக் அணிக்காக ஆடி 1971-இல் அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். அதற்கு முன்பு, பல்கலைக்கழகம் இருக்கும் ஆர்லாண்டோவின் சிறு தொழில்முறை அணியிலும் ஆடியிருந்ததால் ஊர் அவரை அறிந்திருந்தது. மாநகராட்சி வேலையில் இருந்துகொண்டே, சம்பளம் வாங்காமல் அணியைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். மூன்றாம் பிரிவில் ஆடிய அந்த அணி 1979 செப்டம்பர் 22 அன்று தன் முதல் ஆட்டத்தில் செயின்ட் லியோ கல்லூரியை 21–0 என வென்றது. அந்தப் பருவத்தில் 6 வெற்றி, 2 தோல்வி.

இந்த இனிய தொடக்கம் நீடிக்கவில்லை. 1982-இல் இரண்டாம் பிரிவுக்கு மாறிய அணி பத்து ஆட்டங்களிலும் தோற்றது. பஃபலோ பில்ஸ் அணியை ஏ.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் இருமுறை சாம்பியனாக்கிய லூ சேபன் 1983-இல் பொறுப்பேற்று, அடுத்த பருவத்தின் நடுவிலேயே விலகிப் போனார். உதவித்தொகை, பயணம், பயிற்சியாளர் சம்பளம் என்று செலவு ஏறும் வேகத்தில் வருவாய் ஏறவில்லை. இளம் அணிகள் மிகுதியாகச் சாவது இந்தக் கட்டத்தில்தான். யு.சி.எஃப். சாகாமல் தப்பியதற்கு 1985-இல் வந்து 1997 வரை நிலைத்து நின்ற ஜீன் மெக்டவலின் பொறுமை பெரிய காரணம் என்பேன். ஓர் இளம் அணிக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஒரே பயிற்சியாளர் கிடைப்பது அரிது. 1987-இல் இரண்டாம் பிரிவின் அரையிறுதிக்கு அணி சென்றது. 1990-இல் முதல் பிரிவின் கீழ்த்தட்டுக்கு ஏறிய அதே ஆண்டில் அங்கும் அரையிறுதியை எட்டியது. 1996-இல் மேல்தட்டுக்குள் நுழைந்தது. மூன்றாம் பிரிவின் அடியிலிருந்து மேல்தட்டு வரை பதினேழு ஆண்டுகளில் எல்லா அடுக்குகளையும் ஏறிக் கடந்திருந்தது.

ஆனால் ஏறி வந்த இடத்தில் உட்கார நாற்காலி இல்லை. எந்தக் கான்ஃபரன்ஸும் அழைக்கவில்லை. 2001 வரை யு.சி.எஃப். தனித்தே ஆடியது. தனித்து ஆடும் சிறு அணியின் பிழைப்பு கடினமானது. பெரிய அணிகளின் அரங்கத்துக்குப் போய், அவர்களின் ரசிகர்கள் முன் ஆடி, பெரும்பாலும் தோற்று, அதற்கு உத்தரவாதத் தொகை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தத் தொகையில்தான் ஆண்டுச் செலவின் ஒரு பகுதி ஓடும். இருந்தும் அந்தக் காலத்து யு.சி.எஃப். பார்க்கத் தகுந்த அணியாகவே இருந்தது. அதற்குக் காரணம் டாண்டே கல்பெப்பர். ஓகாலாவைச் சேர்ந்த அந்த இளைஞரின் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் தயங்கியபோது யு.சி.எஃப். அவரை விடாமல் பற்றிக்கொண்டது. அவரும் நன்றி மறவாமல் நான்கு ஆண்டுகளும் அங்கேயே ஆடினார். 1997-இல் நெப்ராஸ்காவின் சொந்த மண்ணில் முதல் பாதி முடிவில் யு.சி.எஃப். 17–14 என முன்னிலையில் இருந்தது. கடைசியில் 38–24 எனத் தோற்றாலும், அந்த நெப்ராஸ்காதான் அவ்வாண்டின் தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 1998-இல் கல்பெப்பர் எறிந்த பந்துகளில் 73.6 விழுக்காடு சக வீரரின் கையைச் சேர்ந்தன. 1983 முதல் ஸ்டீவ் யங் வைத்திருந்த சாதனை முறிந்தது. 1999-இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது மினசோட்டா வைக்கிங்ஸ் அவரை முதல் சுற்றில் 11-ஆவதாக எடுத்துக்கொண்டது.

2000 அக்டோபர் 28 அன்று அலபாமாவை அதன் சொந்த அரங்கத்திலேயே, கடைசி நொடிகளில் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து அடித்த ஃபீல்டு கோலால் 40–38 என யு.சி.எஃப். வென்றது. அலபாமா என்பது இந்த விளையாட்டின் அரச குடும்பங்களில் ஒன்று. வெற்றிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் மறுநாளே அழைப்புகள் குவிந்திருக்க வேண்டும். கிடைத்தது என்னவென்றால், 2002-இல் ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்து அணிகளின் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸில், அதுவும் கால்பந்துக்கு மட்டுமான இடம். ஃபுளோரிடாவின் வெயிலில் பழகிய அணி, நவம்பர் குளிரில் தன் ரசிகர்கள் யாரும் வர முடியாத தூரத்து ஊர்களுக்கு ஆடப் போயிற்று.

கதையின் திருப்பம் 2004-க்குப் பிறகு வருகிறது. அது தோல்வியில்தான் தொடங்கியது. புதிய பயிற்சியாளர் ஜார்ஜ் ஓ'லியரியின் முதல் பருவத்தில் அணி 11 ஆட்டங்களிலும் தோற்றது. அப்போது மேலே பெரிய கான்ஃபரன்ஸ்களிடையே நாற்காலி மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் பிக் ஈஸ்ட்டிலிருந்து மூன்று அணிகளை இழுத்தது. பிக் ஈஸ்ட் அந்த வெற்றிடத்தைக் கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.விலிருந்து நிரப்பியது, அங்கே ஏற்பட்ட காலியிடத்தில் 2005-இல் யு.சி.எஃப். அமர்ந்தது. ஓர் ஆட்டம்கூட வெல்லாத பருவத்துக்கு அடுத்த பருவத்தில் கான்ஃபரன்ஸ் உயர்வு என்பதே, இந்த அமைப்பில் வெற்றிக்கும் உயர்வுக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதைக் காட்டும்.

அரங்கத்தைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கம் முதல் 2006 வரை யு.சி.எஃப். தன் உள்ளூர் ஆட்டங்களை ஆர்லாண்டோ நகரத்துச் சிட்ரஸ் பவுல் அரங்கத்தில் ஆடிவந்தது. வளாகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த பழைய அரங்கம் அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள், யு.சி.எஃப். ஆடும் நாளில் அவற்றில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். கார் இல்லாத மாணவருக்கு அங்கே போய்வருவதே ஒரு வேலை. அரங்கம் நகராட்சியுடையது என்பதால் அங்கே கிடைக்கும் வருவாயிலும் முழு உரிமை கிடையாது. இதைவிட முக்கியமாக, சனிக்கிழமை மாலைகளில் பல்கலைக்கழக வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயிர் ஆட்டத்தில் பாதி என்றால், ஆட்டத்துக்கு முன் வளாகத்துப் புல்வெளியில் குடும்பங்களும் பழைய மாணவர்களும் அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டு கூடியிருக்கும் அந்த நாள்முழுக் கொண்டாட்டத்தில் மறுபாதி. அந்த மறுபாதி யு.சி.எஃப்.க்கு வாய்க்கவே இல்லை.

1992 முதல் 2018 வரை பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜான் ஹிட் இதை மாற்றினார். அவர் காலத்தில் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் மிகப் பெரிய மாணவர் தொகை கொண்டவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அது எழுபதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவர் எடுக்கும் ஒவ்வொரு கிரெடிட் மணிக்கும் ஒரு சிறு விளையாட்டுக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. தலைக்குச் சிறிய தொகைதான். மாணவர் தொகை பெருகப் பெருக அது பெரிய நிதியாகத் திரண்டது. ஆட்டத்தைப் பார்க்கவே வராத மாணவரும் அதற்குப் பணம் கட்டுகிறார் என்ற குறை நியாயமானது. அந்தக் குறையையும் தாங்கிக்கொண்டுதான் இளம் அணிகள் பெரும்பாலும் வளர்கின்றன.

சுமார் 5.5 கோடி டாலர் செலவில் 45,000 பேர் அமரும் அரங்கம் வளாகத்துக்குள் எழுந்தது. அத்தகைய அரங்கத்துக்கு இது மிகக் குறைந்த செலவு. கான்கிரீட்டுக்கு மாற்றாக எஃகுச் சட்டங்களைக் கொண்டு கட்டியதால் இது இயன்றது. அந்தச் சிக்கனத்திலிருந்து யாரும் திட்டமிடாத ஒரு விளைவு பிறந்தது. ஒரு குறிப்பிட்ட மின்னிசைப் பாட்டு ஒலிக்கும்போது மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து குதித்தால் எஃகுச் சட்டம் கண்ணால் பார்க்கும்படி அதிர்ந்தது. பாதுகாப்புக்காகப் பின்னர் வலுவூட்டும் பணிகள் நடந்தன. ஆனாலும் துள்ளும் வீடு என்ற பொருள்படும் பவுன்ஸ் ஹவுஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2007 செப்டம்பர் 15 அன்று அரங்கம் டெக்சஸ் பல்கலைக்கழக அணிக்கு எதிராகத் திறக்கப்பட்டது, யு.சி.எஃப். 35–32 என மூன்றே புள்ளிகளில் தோற்றது. அந்தப் பருவத்தில் கெவின் ஸ்மித் பந்தோடு 2,567 கெஜம் ஓடினார். பாரி சாண்டர்ஸின் 2,628 கெஜம் என்ற பெருஞ்சாதனைக்கு 61 கெஜம்தான் குறைவு. அணி முதன்முறையாகக் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆயிற்று.

இந்த உயர்வின் இருண்ட பக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 2008 மார்ச் 18 அன்று எரிக் பிளாஞ்சர் என்ற பத்தொன்பது வயது வீரர் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு சுருண்டு விழுந்து இறந்தார். அவருக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையக்கூடிய அரிவாள் அணு மரபுக்கூறு இருந்தது. உடலை மிகக் கடுமையாக வருத்தும்போது அது உயிருக்கே ஆபத்தாகலாம். 2011-இல் நடுவர் குழு அவருடைய பெற்றோருக்கு 1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம் அரசு அமைப்பின் பாதுகாப்புக்கு உரியது என்று கூறி, 2015-இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 2 லட்சம் டாலருக்குள் அடக்கியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஒரு பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு அது நீதியாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்து 2011-இல் வீரர்களைச் சேர்ப்பதில் விதிமீறல்கள் வெளிவந்து விளையாட்டுத் துறை இயக்குநர் விலகினார். பருவ இறுதி ஆட்டங்களில் கலந்துகொள்ள ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2013 ஏப்ரலில் கால்பந்துக்கான தடை நீங்கியது. தடை நிலைத்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

2010-இல், பருவ இறுதியில் தேர்ந்த அணிகள் ஆடும் பவுல் ஆட்டங்களில் ஒன்றான லிபர்ட்டி பவுலில் ஜார்ஜியாவை 10–6 என வென்று தன் முதல் பவுல் வெற்றியைப் பெற்றிருந்த யு.சி.எஃப்., 2013-இல் புதிதாகப் பிறந்த அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் நுழைந்தது. உடைந்துபோன பிக் ஈஸ்ட்டின் வாரிசு அது. அதன் சாம்பியனுக்குப் பெரிய பவுல் ஆட்டங்களில் ஒன்றில் உறுதியான இடம் என்ற பழைய உரிமை அந்த ஒரே பருவத்துக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காகப் பிளேக் போர்ட்டில்ஸ் வழிநடத்திய அணி அந்த ஒரே வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது. லூயிவில்லை 38–35 என வென்று சாம்பியனாகி, 2014 ஜனவரி 1 அன்று ஃபியெஸ்டா பவுலில், தரவரிசையில் 6-ஆம் இடத்தில் இருந்த பெய்லரை 52–42 என வீழ்த்தியது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். கதவு திறந்த ஆண்டில் தயாராக இருந்தார்கள் என்றே நான் சொல்வேன்.

இரண்டே ஆண்டுகளில் அணி மறுபடி குப்புற விழுந்தது: 2015-இல் 12 ஆட்டங்கள், 12 தோல்விகள். ஓ'லியரி பருவத்தின் நடுவில் விலகினார். ஆரெகன் அணியின் மின்னல் வேகத் தாக்குதல் முறையில் ஊறிய ஸ்காட் ஃப்ராஸ்ட் பொறுப்பேற்று, அடுத்த பருவத்தில் 6 வெற்றிக்கும் அதற்கடுத்த பருவத்தில் 13 வெற்றிக்கும் அணியைக் கொண்டுசென்றார். சரிந்த அணி இவ்வளவு விரைவில் எழ முடிந்ததற்குப் பயிற்சியாளரின் திறமை ஒரு காரணம். அரங்கமும் நிதியும் ஆள்சேர்க்கும் வலையும் சரியாமல் அப்படியே இருந்தது மற்றொரு காரணம். 1982-இல் இதே தோல்வி அணியை ஏறத்தாழ அழித்திருக்கும். 2015-இல் அது ஒரு மோசமான ஆண்டாக மட்டும் முடிந்தது.

2017 அணியில் ஹவாயிலிருந்து வந்த மெக்கென்சி மில்ட்டன் குவார்ட்டர்பேக். ஆட்டத்துக்குச் சராசரியாக 48.2 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் நின்றார்கள். தற்காப்பில் ஷகீம் கிரிஃபின் இருந்தார். பிறவிக் குறைபாட்டால் நான்கு வயதில் இடது கை மணிக்கட்டோடு அகற்றப்பட்ட அவர், முந்தைய பயிற்சியாளரின் காலத்தில் களமிறங்க வாய்ப்பே அரிதாகக் கிடைத்தவர். புதிய குழு அவரைத் தற்காப்பின் இரண்டாம் வரிசையான லைன்பேக்கர் இடத்துக்கு மாற்றியதும் 2016-இல் கான்ஃபரன்ஸின் சிறந்த தற்காப்பு வீரரானார். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை 49–42, கான்ஃபரன்ஸ் இறுதியில் மெம்ஃபிஸை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 62–55 என வென்ற அந்த நவம்பர், டிசம்பர் ஆட்டங்களை இந்த விளையாட்டில் ஆர்வம் உள்ள எவரும் தேடிப் பார்க்கலாம்.

தோற்காத அந்த அணியைப் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு 12-ஆம் இடத்தில் வைத்தது. அப்போது சாம்பியன் போட்டிக்கு நான்கே அணிகள். அவர்களுடைய வாதம் எதிரணிகளின் வலிமை போதாது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் வாராவாரம் சந்தித்த அணிகள் அலபாமாவோ ஒஹாயோ ஸ்டேட்டோ அல்ல. ஆனால் அந்த வாதம் ஒரு வட்டத்துக்குள் சுற்றுகிறது. வலிய அணிகள் இளம் அணியின் ஊருக்கு வந்து ஆட ஒப்புக்கொள்வதில்லை. வந்தாலும் ஒன்றுக்கு இரண்டு ஆட்டங்கள் தம் ஊரில் வேண்டும் என்கின்றன. ஆடாததால் வலிமை நிரூபிக்கப்படவில்லை என்கிறார்கள். நிரூபிக்காததால் இடம் இல்லை என்கிறார்கள். 2018 ஜனவரி 1 அன்று பீச் பவுலில் யு.சி.எஃப். ஆபர்னை 34–27 என வென்றது. அந்தப் பருவத்தில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் வென்றிருந்த அணி ஆபர்ன். பின்னர் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஜார்ஜியாவிடம் தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே அட்லாண்டா அரங்கத்தில் அலபாமாவும் ஜார்ஜியாவும்தான் தேசியப் பட்டத்துக்கு மோதின.

விளையாட்டுத் துறை இயக்குநர் டேனி ஒயிட், நாங்களே தேசிய சாம்பியன்கள் என்று அறிவித்தார். டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் நடந்தது. பயிற்சியாளர்களுக்குப் பட்டத்துக்கான ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. பலர் இதை வெறும் விளம்பரம் என்று எள்ளினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணிதவழித் தரவரிசையான கோலி அட்டவணை யு.சி.எஃப்.ஐ முதலிடத்தில் வைத்தது, அது என்.சி.ஏ.ஏ.வின் ஆவணத்திலும் பதிவாயிற்று. பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் ஆறாம் இடம்தான் என்றாலும் நான்கு பேர் முதலிட வாக்கை யு.சி.எஃப்.க்கு அளித்தார்கள். எல்லா ஆட்டத்தையும் வென்ற அணிக்குப் பட்டத்துக்குப் போட்டியிடும் வழியே இல்லாத ஒரு விளையாட்டு எங்கேயோ கோணலாக இருக்கிறது என்ற பேச்சு அந்த அறிவிப்பால் நாடெங்கும் பரவியது. 2024 முதல் 12 அணிகள் கொண்ட போட்டியில் சிறிய கான்ஃபரன்ஸ்களின் சாம்பியனுக்கும் வழி பிறந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

ஃப்ராஸ்ட் தம் தாய்க் கல்லூரியான நெப்ராஸ்காவுக்குப் போனபின் ஜாஷ் ஹைப்பெலின் கீழ் 2018-இலும் அணி ஆண்டு இறுதிவரை தோற்கவில்லை. நவம்பரில் மில்ட்டனின் முழங்கால் கொடூரமாகப் பிசகியது. தொடர்ச்சியான 25 வெற்றிகளுக்குப் பிறகு ஃபியெஸ்டா பவுலில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்.எஸ்.யு. 40–32 என நிறுத்தியது.

மேல்மட்டத்துக்கான அழைப்பு வந்தது 2021 செப்டம்பரில். டெக்சஸும் ஓக்லஹோமாவும் விலகப்போவதாக அவ்வாண்டு கோடையில் அறிவித்ததும், பிக் 12 கான்ஃபரன்ஸ் சின்சினாட்டி, ஹூஸ்டன், பி.ஒய்.யு., யு.சி.எஃப். ஆகிய நான்கையும் அழைத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர் தொலைக்காட்சிப் பங்கு பெற்றுவந்த யு.சி.எஃப்., முழு உறுப்பினரானால் மூன்று கோடிக்கும் மேல் பெறும். அதற்காக முன்கூட்டியே விலக 1.8 கோடி டாலர் விலகல் தொகை கட்ட ஒப்புக்கொண்டு 2023 ஜூலை 1 அன்று சேர்ந்தது.

அரங்கம்தான் முதன்மை என்று நான் சொல்வதற்குச் சான்று நெடுஞ்சாலையின் மறுமுனையில் இருக்கிறது. தாம்பாவிலுள்ள தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1997-இல்தான் அணி தொடங்கியது, யு.சி.எஃப்.ஐவிட 18 ஆண்டு இளையது. ஆனால் மின்னல் வேகத்தில் ஏறி, 2005-இலேயே பிக் ஈஸ்ட்டில் இடம்பிடித்து, 2007 அக்டோபரில் நாட்டின் தரவரிசையில் 2-ஆம் இடத்தைத் தொட்டது. அன்று யாரைக் கேட்டிருந்தாலும் எதிர்காலம் அவர்களுக்கே என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஆடியதோ, தாம்பா நகரத்துத் தொழில்முறை அணியின் வாடகை அரங்கத்தில். பிக் ஈஸ்ட் உடைந்தபோது அவர்களுக்கு வேறு அழைப்பு வரவில்லை, 2021-இலும் வரவில்லை. பயிற்சியாளர் மாற்றங்கள், தோல்விகள் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் நல்ல ஆண்டுகளின் உற்சாகத்தைத் தேக்கிவைக்கச் சொந்த இடம் இல்லாமல் போனது பெருங்குறை. வளாகத்துக்குள் 35,000 பேர் அமரும் அரங்கத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2027-இல் திறக்கத் திட்டம்.

பிக் 12-இல் யு.சி.எஃப்.க்கு எதுவும் எளிதாக அமையவில்லை. முதல் பருவத்தில் பெய்லருக்கு எதிராக 35–7 என முன்னிலை பெற்றும் 36–35 எனத் தோற்றது. அதே பருவத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 45–3 என நொறுக்கவும் செய்தது. 2024-இல் 4 வெற்றி, 8 தோல்வி. பீச் பவுலில் எதிரே நின்ற ஆபர்னின் பயிற்சியாளராக இருந்து, பின்னர் யு.சி.எஃப்.க்கே வந்த கஸ் மால்சான் விலக, ஸ்காட் ஃப்ராஸ்ட் திரும்ப அழைக்கப்பட்டார்.

இனி மூன்றாம் கேள்வி. இன்று தொடங்கும் அணிக்கு இந்த வழி அடைபட்டுவிடவில்லை. ஆனால் சுங்கம் பலமடங்கு உயர்ந்துவிட்டது. முதல் பிரிவின் மேல்தட்டுக்கு மாற என்.சி.ஏ.ஏ. வாங்கிய விண்ணப்பக் கட்டணம் 2023 வரை 5,000 டாலர். இப்போது 50 லட்சம் டாலர். 2025-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கும் மேல் நேரடியாகவே வழங்கலாம். பெரிய கான்ஃபரன்ஸ் அணிகள் வழங்கவும் செய்கின்றன. கல்பெப்பரைப் போன்ற ஒருவர் இன்று சிறிய அணியில் சுடர்விட்டால், அடுத்த ஆண்டே பெரிய அணி பணம் காட்டி அழைத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்பார் என்று எந்தப் பயிற்சியாளரும் எண்ணித் திட்டமிட முடியாது. ஆகவே இன்று அணி தொடங்க நினைக்கும் பல்கலைக்கழகம் என்னிடம் யோசனை கேட்டால், முதல் பத்தாண்டுக்குக் கீழ்ப் பிரிவிலேயே ஆடி, அந்தக் காலத்தில் திரட்டும் பணத்தை வீரர்களைவிட வளாகத்து அரங்கத்துக்கும் பழைய மாணவர்களோடான உறவுக்கும் செலவிடுங்கள் என்பேன். மேலே அடுத்த நாற்காலி மாற்றம் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2005, 2013, 2021 என அது ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறது.